தொண்ணூறு நாளும் ஓர் அடுப்பும்

2003 ஏப்ரல் 6, ஞாயிறு. காலை மணி 6.10.

முள்ளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் நானும் என் மனைவி ஜமீலாவும் ஏழு உருப்படிகளோடு நின்றிருந்தோம். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு படுக்கைச் சுருட்டு, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, பாத்திரக் கூடை, மருந்துப் பை, கோணியில் சுற்றிக் கட்டிய நாலடி சிமெண்ட் பைப்புகள். போகிற இடம் கொல்லிமலை. தங்கப்போவது தொண்ணூறு நாள்.

எங்கள் ஊரில் எந்தச் சந்தில் நின்று தலையைத் தூக்கினாலும் அந்த மலைதான் தெரியும். ஆனால் பஸ்ஸில் போவதென்றால் முதலில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராசிபுரம் போக வேண்டும். அங்கிருந்து வேறு பஸ் பிடித்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்று மலையைப் பாதி சுற்றிய பிறகுதான் ஏற்றமே ஆரம்பிக்கும். ஐம்பத்திரண்டு வயதுவரை நான் இந்த மலைமேல் இரண்டு முறைதான் ஏறியிருந்தேன். வாசலிலேயே இருப்பதைப் போய்ப் பார்க்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

பயணத்துக்குக் காரணம் ஜமீலாவின் மூச்சு. எங்கள் வீட்டுக்குப் பின்சுவர் ஒட்டி ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அதன் உமிச்சாம்பல் பதின்மூன்று வருஷமாக எங்கள் தண்ணீர்த் தொட்டியிலும் காயப்போட்ட துணியிலும் அவள் நெஞ்சிலும் படிந்துகொண்டிருக்கிறது. வாயில் வைத்து அடிக்கும் மருந்துப் பம்பை நாளைக்கு நாலு தடவை எடுக்கிற நிலைமை வந்தபோது சேலம் டாக்டர், "கடற்கரையோ மலையோ, மூணு மாசம் புகையும் தூசியும் இல்லாத இடத்துல வெச்சுப் பாருங்க. தேறுனா தேறுவாங்க. இல்லைன்னா மாத்திரையைக் கூட்டணும்" என்றார்.

நான் முதலில் நினைத்தது தீவு. சிரிக்க வேண்டாம். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனுக்குத் தீவு ஆசை வரக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே "தீவு" என்று எழுதி, அந்தமானுக்குச் சென்னையிலிருந்து எத்தனை நாள் கப்பல், லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு யாரிடம் வாங்குவது, குறைந்த செலவில் மூன்று மாதம் இருக்க என்னென்ன வேண்டும் என்று ஆறு மாதம் எழுதினேன். கேஸ் சிலிண்டர் கிடையாது. புகையில்லாத அடுப்பு, சுள்ளி விறகில் சமையல். கீரை நாமே போட்டுக்கொள்வது. பாலிதீன் பை ஒன்றுகூடக் கொண்டுபோவதில்லை. போகும் இடத்தில் நம்மால் ஒரு குப்பையும் சேரக்கூடாது. இப்படியெல்லாம் திட்டம் நன்றாகத்தான் இருந்தது. கப்பல் கட்டணத்தைக் கூட்டியதும் நோட்டை மூடினேன்.

கடையை என் தம்பி ஜாபர் பார்த்துக்கொள்கிறேன் என்றான். "சுத்தியும் தண்ணி இருந்தாத்தான் தீவாண்ணே? எழுபது வளைவு இருக்குது, எவனும் சும்மா ஏறி வரமாட்டான். மலைக்கே போங்க" என்றான். நோட்டில் "தீவு" என்பதை அடித்துவிட்டு "மலை" என்று எழுதினேன். உள்ளே இருந்த திட்டத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது.

காலை மணி 8.25, ராசிபுரம்.

மலைக்குப் போகும் பஸ்ஸில் ஆளுக்குப் பதினைந்து ரூபாய். கண்டக்டர் என் கோணிச் சுருட்டைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், மலையில தண்ணி லைன் போடப் போறீங்களா?"

"அடுப்புக்குங்க."

"அடுப்புக்கு எதுக்குங்க பைப்பு?"

"பொகை வெளிய போறதுக்கு."

"ஊட்டுக்குள்ள பொகை இல்லாம என்னத்த அடுப்புங்க?" என்று சொல்லிவிட்டு, பைப்புக்கும் ஒரு லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். அந்த ஆளுக்கு அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காரவள்ளியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜமீலா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணையும் வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். பதினெட்டில் காது அடைத்தது. முப்பத்தொன்றில் பின்சீட்டில் ஒருவர் வாந்தியெடுத்தார். நாற்பதுக்கு மேல் காற்று மாறியது. ஐம்பத்தைந்தாம் வளைவில் ஜமீலா, "என்னங்க, ராசிபுரத்துல அடிச்சதோட சரி, இன்னும் பம்பு எடுக்கலே" என்றாள். சோளக்காட்டில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால்.

எங்களுக்காக வெள்ளையன் காத்திருந்தார். வாழவந்தி நாட்டுக்காரர், என் கடைக்கு ஆறு வருஷ வாடிக்கை. நம்மைப் போல் சுற்றிக்கொண்டு வருவதில்லை அவர். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் மூன்று மணி நேரத்தில் முள்ளுக்குறிச்சிக்கு இறங்குவார். மிளகை விற்றுவிட்டு ஆணியும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பவும் ஏறுவார். வீடு கொடுக்கிறேன் என்று சொன்னவர் அவர்தான்.

மதியம் மணி 1.30, வாழவந்தி நாடு.

வீடு நான் நினைத்ததைவிட நல்ல வீடு. மண் சுவர், ஓட்டுக் கூரை, ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. பின்னால் பலா மரம், முன்னால் சரிவு. சரிவுக்கு எதிர்ப்புறம், கூப்பிட்டால் பாதி கேட்கிற தூரத்தில், வெள்ளையனின் காட்டு வீடு. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் போடும் நிலம் அங்கே இருப்பதால், காட்டுப் பன்றி புகாமல் காவலாக அவரும் அவர் மனைவி பாப்பாயியும் வருஷத்தில் முக்கால்வாசி அந்தக் கூரை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

சமையற்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். பரணும் சுவரும் கூரை மரமும் எல்லாம் தார் பூசினது போல் கறுப்பு.

"வாடகை எவ்வளவுங்க?" என்று கேட்டேன். செம்மேட்டில் இதைவிடச் சின்ன அறைக்கு அறுநூறு சொன்னார்கள்.

"மாசம் எரநூறு குடுங்க, போதும்" என்றார் வெள்ளையன். "பரண் மேல எங்க சாமான் கொஞ்சம் இருக்குதுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்பறம் ஒண்ணே ஒண்ணு, அடுப்பு மட்டும் தெனம் எரியோணும்ங்க. ஒரு நாளும் உட்ரக் கூடாதுங்க."

பாப்பாயி வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "ஆமாங்க பாயம்மா, அது மட்டும் பாத்துக்குங்க" என்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, சிவந்து கலங்கிய கண்கள். வீட்டை நம்மிடம் விட்டபின் உள்ளே காலெடுத்து வைப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். கடைசிவரை கூப்பிடாமல் உள்ளே வந்ததில்லை.

ஆள் இருக்கும் வீடு இருண்டு கிடக்கக் கூடாது என்கிற மங்கல வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்ல வழக்கம், செலவில்லாத வழக்கம். தாராளமாக ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்.

புகையில்லா அடுப்பு கட்டினேன். சில வருஷங்களுக்கு முன் ராசிபுரத்தில் அரசாங்கம் நடத்திய பயிற்சியில் மூன்று நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்ட வேலை. களிமண், வைக்கோல், சாணம் குழைத்து இரண்டு வாய் வைத்து, பின்னால் துளை விட்டு, பைப்பைச் சுவர் வழியாக வெளியே தூக்கி நிறுத்தினேன். பழைய அடுப்புக்கு வேண்டிய விறகில் பாதி போதும். பற்றவைத்தால் சமையற்கட்டில் ஒரு நூல் புகை இல்லை. எல்லாம் பைப் வழியே வெளியே போய்ப் பலா மரத்தடியில் கலைந்தது. ஜமீலா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இருமாமல் ஒரு குழம்பு வைத்து முடித்தாள். எனக்கு மார்பு விரிந்துவிட்டது. தீவு நோட்டில் எழுதிய வரிகளில் முதலாவது நிறைவேறியது இதுதான்.

வெள்ளையனைக் கூப்பிட்டு வெளியே நிற்கும் பைப்பைக் காட்டினேன். "நல்லாருக்குதுங்க" என்றார். அந்த ஊரில் "நல்லாருக்குதுங்க" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. நல்லதோ கெட்டதோ, பெரியவர்கள் ஒன்றைக் காட்டினால் அதைத்தான் சொல்வார்கள்.

ஏப்ரல், மே.

இந்த ஐம்பது நாளைப் பற்றி எழுத அதிகமில்லை, அதுதான் அதன் அருமை. மரவள்ளிக் கிழங்கு கிலோ இரண்டு ரூபாய். ஆள் தூக்க முடியாத பலாப்பழம் பத்து ரூபாய், பேரம் பேசினால் எட்டு. பால் காலையில் அரை லிட்டர். செம்மேட்டுக்கு வாரம் ஒரு தடவை நடை, திரும்பும்போது பஸ். கீரைப் பாத்தியில் முளைத்ததில் பாதியைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் கொண்டுபோயின, மீதி எங்களுக்கு. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மூடுபனி சரிவேறி வந்து வாசலில் நிற்கும். துணி காய இரண்டு நாள் ஆகும், தீப்பெட்டி நமுத்துப் போகும். இதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜமீலாவின் பம்பு நாலிலிருந்து மூன்றாகி, ஏப்ரல் கடைசியில் இரண்டானது. மே பதினைந்துக்கு மேல் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. முதல் வாரம் பலா மரம்வரை நடந்தவள் பிறகு ரோடுவரை நடந்தாள், அப்புறம் முதல் மைல் கல்வரை. காலையில் நான் தொழுது முடித்து எழும்போது அவள் வெளியே நின்று வெறுமனே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள். மூச்சு விடுவதை ஒரு வேலையாக ரசித்துச் செய்பவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எதிர்ச் சரிவிலிருந்து பாப்பாயி தினமும் காலையில் எங்கள் வீட்டைப் பார்த்துக் கையசைப்பார். நாங்களும் அசைப்போம். நலம் விசாரிக்கிறார் என்று நினைத்தோம். அவர் பார்த்தது புகையை.

ஜூன் 7, சனி. காலை மணி 9.

முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. வெள்ளையனும் பாப்பாயியும் ஒரு கூடையோடு வந்தார்கள். விதைப்புக்கு நாள் பார்த்தாயிற்று, பரணில் இருக்கும் விதையை இறக்க வேண்டும் என்றார்கள். பரண்மேல் இருந்த "சாமான்" விதை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஜமீலா கூப்பிட்டதும் பாப்பாயி உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். பைப் சுவருக்குள் போகும் இடத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தார். வெள்ளையன் ஏறிச் சாணம் மெழுகிய மூங்கில் கூடை ஒன்றை இறக்கினார். மூடியைத் திறந்ததும் மாவு பறந்தது. மொச்சை முழுக்க வண்டு, கையில் அள்ளினால் தோல்தான் வந்தது. துவரையும் அப்படியே. கதிராகக் கட்டி வைத்திருந்த சாமையில் முக்கால்வாசி பூசணம் பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது.

"அடுப்பு எரியலீங்களா?" என்று கேட்டார் வெள்ளையன். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"தெனமும் எரிஞ்சுது. ஒரு நாளும் விடலே" என்றேன்.

"பொகை தெனமும் தெரிஞ்சுதுங்களே. சரிவுக்கு அக்கட்டிருந்து நாங்க பாத்துட்டேதான இருந்தோம்" என்றார் பாப்பாயி.

"அந்தப் பைப்பு வழியா வந்த பொகை" என்றாள் ஜமீலா மெதுவாக.

மூடுபனியில் எல்லாம் நமுத்துப்போகிற ஊரில், அடுப்புப் புகைதான் அவர்களுக்கு விதைக் கிடங்கு. அந்தச் சூட்டிலும் கரியிலும்தான் விதை காய்ந்து, வண்டு அண்டாமல் இருக்கும். அவர்கள் காட்டு வீட்டில் இருக்கும் மாதங்களில் இந்த வீட்டு அடுப்பை எரிக்க ஆள் வேண்டும். அதனால்தான் அறுநூறு பெறும் வீடு எங்களுக்கு இருநூறுக்குக் கிடைத்தது. மீதி வாடகை புகை. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, புகை இல்லாமல் எரிகிற அடுப்பை அவர்கள் கண்டதில்லை. நான்தான் அந்தப் புகையை மெனக்கெட்டு, இரண்டு நாள் களிமண் மிதித்து, சுவரில் ஓட்டை போட்டு வெளியேற்றிவிட்டேன். குப்பை சேர்க்கக் கூடாது, விறகை வீணாக்கக் கூடாது என்று எழுதி வைத்தவன், பரண்மேல் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"நாளைக்கே கீழ இறங்கி எந்த விதை வேணும்னாலும் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

வெள்ளையன் இல்லையென்று தலையசைத்தார். "கடை வெதை இந்தச் சரிவுல நிக்காதுங்க. மலை வெதைதான் ஆகோணும். இன்னும் பத்து நாளைக்குள்ள போடலீன்னா இந்த வருசம் போச்சுங்க."

மலைமேல் விதையை விற்பதில்லை. இல்லாதவர்கள் உறவு வீட்டில் போய்க் கேட்டு வாங்குவார்கள், விளைந்ததும் ஒரு கை கூட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். பாப்பாயியின் அண்ணன் வீட்டில் இருக்கும் என்றார்கள். இரண்டு மேடு தாண்டி நாலரை கிலோமீட்டர், ரோடு கிடையாது.

"அப்ப நீங்க போய்க் கேப்பீங்களா அக்கா?" என்றாள் ஜமீலா.

பாப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கேக்க முடியாதுங்க பாயம்மா. அடுப்பு ஆரு கையில இருந்துச்சோ அவங்கதான் போய்க் கேக்கோணும். அதான் இங்க வழக்கம். வாங்குனா வழியில கீழ வெக்காம கொண்டாரோணும். வேற ஆரும் வாங்கித் தூக்கக் கூடாது." பிறகு, "உங்களுக்கு மூச்சு முட்டும்னு தெரியுமுங்க. முடியாதுன்னா உட்ருங்க. நாங்க என்னமோ பண்ணிக்கறோம்" என்றார்.

அவர்கள் போனபிறகு நான் ஜமீலாவிடம், ஊருக்குத் திரும்பிவிடலாம், பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போவோம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு வந்த மூச்சு அவங்க வெதையில வந்ததுங்க. எப்படிப் போறது?" என்றாள்.

ஜூன் 9, திங்கள். காலை மணி 7.20.

பாப்பாயி முன்னால், ஜமீலா நடுவில், நான் பின்னால். என் சட்டைப் பையில் பம்பு. முதல் மேட்டில் அவள் இரண்டு இடத்தில் நின்றாள். இறக்கத்தில் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும், ஓர் ஓடை, திரும்பவும் மேடு. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாப்பாயியின் அண்ணன் மனைவி வாசலில் நின்று விஷயம் கேட்டார். சொல்ல வேண்டியவள் ஜமீலாதான் என்பதால் பாப்பாயி வாய் திறக்கவில்லை.

"அடுப்பு எரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எரிஞ்சுது. பொகையை வெளிய விட்டுட்டோம். எனக்கு நெஞ்சு சரியில்லே, அதுக்காக. அதுல உங்க நாத்தனார் வெதை கெட்டுப்போச்சு" என்றாள் ஜமீலா.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பொகையை வெளிய உட்டீங்களா! சாமி, அதுக்கு எத்தன செலவு பண்ணுனீங்க?" என்று என்னைப் பார்த்தார். பைப், களிமண், பஸ் லக்கேஜ் சீட்டு எல்லாம் மனத்தில் கூட்டிப் பார்த்தேன். ஆனால் விதையை அளக்கும்போது அவர் சிரிக்கவில்லை. தானியம் அளக்கும் வள்ளத்தால் சாமை இரண்டு, மொச்சை அரை, துவரை அரை. ஜமீலா சேலைமேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை விரித்து ஏந்தினாள். அதை முடிந்து இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியைப் பற்றி எனக்குத் தெளிவாக ஞாபகம் இல்லை. அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நிற்கலாம், உட்காரக் கூடாது, இறக்கி வைக்கக் கூடாது. இரண்டாம் மேட்டில் பாதியில் நின்றுவிட்டாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. அவள் மூச்சு சீட்டியடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, போதும் கொடு என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்து வாயை மட்டும் திறந்தாள். பம்பை நான் அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மூட்டை அவள் கையிலேயே இருந்தது. பாப்பாயி வந்து அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு கூடவே நின்றார். கால் மணி நேரம் கழித்து அவளாகவே நடக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு இருபதுக்கு வெள்ளையனின் கூடையில் விதை விழுந்தது.

"ஏனுங்க, இத்தன தூரம் எறக்காம வந்துட்டீங்களா?" என்றார் வெள்ளையன்.

"ஆமாங்க" என்றாள் ஜமீலா, அவர்கள் ஊர்ப் பேச்சில்.

மூன்றாம் நாள் விதைத்தார்கள்.

ஜூன் 12 முதல்.

ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். பரணில் மிஞ்சியதையும் உறவில் வாங்கியதில் எடுத்துவைத்ததையும் காப்பாற்ற வேண்டும். காலை பத்திலிருந்து பதினொன்றுவரை ஜமீலா வெளியே போய்விடுவாள். பாப்பாயி வந்து பைப்பின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு ஈர விறகு போட்டு மூட்டம் போடுவார். புகை பரணில் ஏறி ஓட்டு இடுக்கெல்லாம் வழியும். ஒரு மணி நேரம் கழித்து அடைப்பை எடுத்துக் கதவைத் திறந்து வைப்பார். ஜமீலா திரும்பும்போது வீடு தெளிந்திருக்கும். இந்த ஒரு மணி நேர நடையால் அவள் இரண்டாம் மைல் கல்லை எட்டினாள்.

நான் பலா மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதுவேன். உள்ளேயிருந்து பாப்பாயி இருமும் சத்தம் கேட்கும். அடித்தொண்டையிலிருந்து வரும் நீண்ட இருமல். அதை எத்தனையோ நாள் கேட்டிருப்பேன், ஒரு நாளும் எழுதவில்லை. அவர் கண் ஏன் எப்போதும் சிவந்திருக்கிறது என்று நான் யோசித்ததும் இல்லை. ஜமீலாதான் யோசித்திருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பாப்பாயி கேட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜமீலா டீ கொடுத்தாள். எதிர்ச் சரிவில் சாமை விரல் நீளத்துக்குப் பச்சை கட்டியிருந்தது.

"பாய், போறப்ப அந்த அடுப்பை இடிச்சுட்டுப் போவீங்களா?" என்றார்.

"ஆமாங்க. பழையபடி மாத்திக் குடுத்துட்டுத்தான் போவேன்."

"பைப்பை ஊருக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

"வேணும்னா வெச்சுக்குங்க. ஆனா இங்க ஆகாதே, வெதைக்குப் பொகை வேணுமே."

"இங்க வேண்டாமுங்க. காட்டு ஊட்டுல அதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்க" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க வெதை ஒண்ணுமில்லீங்க. அடுப்படியில நான் மட்டுந்தான் இருக்கேன்."

மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டுவரை கட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகக் களிமண் குழைத்ததில்லை.

ஜூலை 5, சனி. காலை மணி 10.30.

வெள்ளையன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். ரோட்டிலிருந்து திரும்பிப் பார்த்தோம். நாங்கள் இருந்த வீட்டில் ஓட்டுக் கூரை முழுக்கப் புகை கசிந்துகொண்டிருந்தது, வெள்ளையனின் அக்கா மகள் ஒருத்தி வந்து அடுப்பைப் பொறுப்பேற்றிருந்தாள். எதிர்ச் சரிவில் காட்டு வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து ஒல்லியாக ஒரு புகை. அதன் கீழே வாசலில் பாப்பாயி கையசைத்துக்கொண்டிருந்தார். தை மாதம் விதையைத் திருப்பிக் கொடுக்க ஜமீலா வந்தாக வேண்டும் என்று வெள்ளையன் பஸ் கிளம்பும்வரை மூன்று முறை சொன்னார்.

மாலை மணி 5.15, முள்ளுக்குறிச்சி.

வீட்டைத் திறந்தோம். தொண்ணூறு நாள் சாம்பல் தரையில் மெத்தை போட்டிருந்தது. பின்பக்கம் அரிசி ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் எங்கள் மாடிச் சுவருக்குக் கொஞ்சம்தான் உயரம், வாய் எங்கள் பக்கம் பார்த்து வளைந்திருக்கிறது. கடைக்காரன் கண்ணால் பார்த்தால் பத்தடி பைப்பும் ஒரு முழங்கை வளைவும் போதும், மேலே தூக்கித் திருப்பிவிடலாம். இதைப் பதின்மூன்று வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அந்தமானுக்குக் கப்பல் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும். ஆலைக்காரர் வாசலுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

ஜமீலா விளக்குமாற்றை எடுக்கவில்லை. கதவருகே நின்றபடியே துப்பட்டியை உதறித் திரும்பப் போர்த்திக்கொண்டாள்.

"எங்க போறே?" என்றேன்.

"ஆலைக்காரர் ஊட்டுக்கு. அடுப்பு அவங்க கையில இருந்தாலும் பொகை நம்ம நெஞ்சுக்குத்தான வருது. கொழாயைத் தூக்கச் சொல்லி நாமதான போய்க் கேக்கோணும்?"

சட்டைப் பையில் பம்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவள் பின்னால் நடந்தேன்.